காசு வாங்கிச் சிலம்பம் சொல்லிக் கொடுத்தால் கலை கெட்டுவிடுமா?

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) பாலாய் ராயாவில் (பொது மண்டபத்தில்) சிலம்ப வகுப்பு நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் வாங்குகிறாராம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேர்வு வைத்து கலர் பெல்ட் கொடுக்கிறாராம், அதற்குத் தனியாக 80 வெள்ளி, தீபாவளி நேரத்தில் பிள்ளைகளை மேடை நிகழ்ச்சிக்கும் கூட்டிப் போகிறாராம். இதையெல்லாம் பார்த்த அவருடைய ஆசான், "கலையை வைத்துக் கடை விரித்துவிட்டாய்" என்று சொல்லிவிட்டு இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்வது தப்பா, இந்தக் காலத்தில் கலையின் பண்பையும் காப்பாற்றி வகுப்பையும் நடத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டணம் வாங்குவதில் தப்பே இல்லை. மேடை ஏறுவதிலும் பெரிய தப்பில்லை. பெல்ட்டுக்குத் தனியாகப் பணம் வாங்குகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் உங்கள் ஆசானின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் அதைப் பிரித்துச் சொல்லாமல் மொத்தமாகத் திட்டிவிட்டார். நான் இந்தக் கெடாத் தோட்டங்களில் வளர்ந்து சிலம்பம் படித்தவன், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுப்பவன், அதனால் ஆசான் பக்கமும் புரிகிறது, உங்கள் பக்கமும் புரிகிறது.

முன்பெல்லாம் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த இலவசம் யார் செலவில் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்து ஆசான் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்குப் போய், பால்மரம் (ரப்பர்) வெட்டி, மத்தியானம் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தால் சாயங்காலம் அவருடையது. குடியிருக்க லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு. ஆடுவதற்குக் கோயில் திடல், அதற்கு யாரும் வாடகை கேட்கவில்லை. மாரியம்மன் திருவிழா வந்தால் கோயில் கமிட்டி வேட்டி துண்டு போட்டு மரியாதை செய்தது. சீடன் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு வெள்ளிக் காசை வைத்துக் கும்பிட்டால் தட்சணை முடிந்தது. அதாவது ஆசான் பிழைப்பதற்குக் கலையைத் தொட வேண்டியதே இல்லை, சம்பளம் மரத்திலிருந்து வந்தது, இடம் தோட்டத்திலிருந்து வந்தது.

அது போய்விட்டது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், ஆள் தேவை குறைந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போயின, லயத்து ஜனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறினார்கள். ஹார்வர்ட் தோட்டம், சுங்கை பட்டாணி, குருண் என்று நம் பக்கத்துப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குச் சும்மா கிடைக்கும் திடல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். இன்று சொல்லிக் கொடுப்பவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறார், பெட்ரோல் போட்டு வருகிறார், மண்டபத்துக்குக் காசு கட்டுகிறார், முதலுதவிப் பெட்டி வாங்குகிறார். தோட்டம் கொடுத்துக்கொண்டிருந்த செலவைத்தான் இப்போது பெற்றோர் கொடுக்கிறார்கள். இதில் அசிங்கப்பட ஒன்றுமில்லை. இலவசமாகத்தான் சொல்லிக் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்ற நல்ல ஆசான்கள் சிலர் இரண்டு வருடத்தில் ஓய்ந்துபோனதையும் பார்த்திருக்கிறேன், அவர்களோடு அவர்களுடைய வரிசைகளும், அதாவது அவர்கள் வழிவழியாக வைத்திருந்த ஆட்டத் தொடர்களும் போயின.

தோட்டம் இன்னொன்றையும் கொடுத்தது, அதைத்தான் நாம் அதிகம் இழந்திருக்கிறோம். ஆசானுக்கு ஒவ்வொரு சீடனின் வீடும் தெரியும். இவன் அப்பா குடித்துவிட்டு அடிப்பவர், இவன் நேற்று ஆற்றங்கரையில் சண்டை போட்டவன், இவன் தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிற பையன், எல்லாம் அவருக்கு வந்து சேரும். யார் கையில் கம்பைக் கொடுக்கலாம், யாரை இன்னும் ஆறு மாதம் வெறும் காலடியிலேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்தார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம் மட்டும் பார்க்கும் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அதனால் நான் சொல்வது, கம்பைக் கையில் கொடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தடவையாவது போய்விட்டு வாருங்கள். டீ குடியுங்கள். பாட்டியிடம் பேசுங்கள். பள்ளி வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 25 பிள்ளை இருந்தால் கஷ்டம்தான், முடியாது என்றால் பிள்ளை எண்ணிக்கையைக் குறையுங்கள்.

சரி, அந்தக் காலம் முழுக்கத் தங்கமாக இருந்ததா என்றால் அதுவும் கிடையாது, இதை நம் ஆட்கள் சொல்லத் தயங்குகிறார்கள். பெண் பிள்ளைகளைப் பல களங்களில் ஓரத்தில் நின்று பார்க்கக்கூட விடவில்லை. சாதி பார்த்துச் சேர்த்த இடங்கள் இருந்தன. தனக்குப் பிடித்தவனுக்கு மட்டும் மேல் வரிசையைச் சொல்லிக் கொடுத்து, மற்றவனைப் பத்து வருடம் ஏமாற்றியவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளைக் கைத்தடிகளாக வளர்த்து அடிதடிக்கு அனுப்பியவர்களும் இருந்தார்கள், ஜனங்கள் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிறகு அது இன்னும் மோசமானது. எனவே பாரம்பரியப் பண்பைக் காப்பாற்றுவது என்று கிளம்பும்போது எதைக் காப்பாற்றுகிறோம் என்று தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். இன்று நம் பக்கத்து வகுப்புகளில் பெண் பிள்ளைகள் இவ்வளவு பேர் கம்பு எடுக்கிறார்களே, அது கட்டணம் வாங்கும் வகுப்புகள் வந்த பிறகு நடந்த நல்லது. அதை மறைக்கக் கூடாது.

இந்த மண்ணில் உடற்பயிற்சியும் ஒழுக்கமும் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதற்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. உங்கள் வகுப்புக்குக் கூப்பிடு தூரத்தில்தான் ஹார்வர்ட் தோட்டம். 1946, 47இல் அங்கே ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டார்கள். ஜப்பான் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்த்த தலைமுறை அது, அணிவகுப்பும் கட்டுப்பாடும் அவர்களுக்குப் புதிதில்லை. அதைக் கொண்டுவந்து தோட்டத்தில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள், கள்ளுக்கடைக்கு எதிராக. நிர்வாகமே அனுமதித்து நடந்த கள்ளுக்கடை, சம்பள நாளில் குடும்பத்தின் சோறு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. 1947இல் அது போலீசுடன் மோதல், உயிரிழப்பு வரை போனது. கூலி என்று கூப்பிடப்பட்டவன் நெஞ்சை நிமிர்த்தி வரிசையில் நின்றதே அதிகாரத்துக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆசான்மார் "குடித்துவிட்டுக் களத்தில் கால் வைக்காதே" என்று ஏன் அவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பது இந்தப் பின்னணி தெரிந்தால்தான் புரியும். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஐயாயிரம் வருடக் கலை என்று பேனரில் போடுவதை விட இது பெரிய பெருமை, அதற்கு ஆதாரம் கேட்டால் நாம் முழிக்க வேண்டும், இதற்கு முழிக்க வேண்டியதில்லை.

இப்போது பெல்ட்டுக்கு வருகிறேன். கலர் பெல்ட் நம்முடையது இல்லை. ஜப்பானில் கனோ ஜிகோரோ 1882இல் கோடோகான் ஜூடோவை ஆரம்பித்து, அடுத்த வருடமே டான் என்ற தரவரிசையைக் கொண்டுவந்தார். கராத்தே அதைப் பிறகு எடுத்துக்கொண்டது. பல நிறப் பெல்ட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது வழக்கத்துக்கு வந்தவை. நம் ஊரில் தேக்வாண்டோ, கராத்தே வகுப்புகளைப் பார்த்துச் சிலம்பத்துக்கும் வந்தது. கடன் வாங்கியது என்பதற்காக நான் எதிர்க்கவில்லை, எட்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்த படி என்ன என்று கண்ணுக்குத் தெரிவது நல்லதுதான். ஆனால் பணம் அதில் எப்படி வேலை செய்கிறது என்று யோசியுங்கள். ஒரு தேர்வுக்கு 80 வெள்ளி, 25 பிள்ளைகள், 2,000 வெள்ளி. பிள்ளை தேறினால்தான் அம்மா அடுத்த தேர்வுக்குக் காசு கட்டுவார், தேறாவிட்டால் அடுத்த தெருவில் இருக்கும் வகுப்புக்குப் போய்விடுவார். அந்த நிலைமையில் எந்த மனிதனுக்கும் "இன்னும் தயாராகவில்லை" என்று சொல்ல வாய் வராது. நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்த ஏற்பாடே உங்கள் வாயை அடைக்கிறது. ஆசான் என்பவரிடம் இருக்கும் ஒரே அதிகாரம் "இன்னும் இல்லை, பொறு" என்று சொல்வது, அதைத்தான் நீங்கள் 80 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. தேர்வுக் கட்டணத்தை எடுத்துவிட்டு, மாதக் கட்டணத்தை 50இலிருந்து 60, 65 ஆக்குங்கள், பெற்றோரிடம் கணக்கைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள், மண்டபம் இவ்வளவு, கம்பு இவ்வளவு, என் நேரம் இவ்வளவு என்று. பெல்ட் துணியின் விலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்ற காலக்கெடுவை எடுத்துவிடுங்கள், தயாரானவன் தேர்வுக்கு வருவான், ஆகாதவன் வர மாட்டான். முக்கியமாக, தேர்வில் முடிவு சொல்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பணம் புகுந்தாலே பண்பு போய்விடும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் வெளியே பார்க்க வேண்டும். நம் எல்லையைத் தாண்டினால் தாய்லாந்து. முவாய் தாய் மாதிரி காசு புரளும் சண்டைக் கலை இந்த வட்டாரத்தில் வேறில்லை, சூதாட்டம் உட்பட எல்லாம் உண்டு, சின்னப் பிள்ளைகளைச் சண்டைக்கு இறக்கும் கொடுமையும் உண்டு. ஆனாலும் வளையத்தில் ஏறியதும் குருவை வணங்கும் வாய் க்ரூ இன்றும் நடக்கிறது, தலையில் கட்டிய மோங்கோனைச் சண்டை தொடங்கும் முன் குருதான் எடுக்கிறார். ஜப்பானில் சுமோ பாருங்கள், ஆட்டத்துக்கு முன் விளம்பரதாரர்களின் பேனர்களை வளையத்தைச் சுற்றித் தூக்கிப் போகிறார்கள், அந்தக் காசு உறையில் போட்டு அங்கேயே வென்றவருக்குத் தரப்படுகிறது. இதைவிட வெளிப்படையான வியாபாரம் உண்டா? ஆனால் வென்றவர் குந்தி அமர்ந்து, கையால் மூன்று முறை வெட்டுவதுபோல் சைகை செய்து மரியாதை காட்டிவிட்டுத்தான் உறையை எடுக்கிறார். ஜப்பானிய வாள் விளையாட்டான கெண்டோவில் இன்னும் கறார், புள்ளி எடுத்தவன் கையைத் தூக்கிக் குதித்தால் நடுவர்கள் அந்தப் புள்ளியையே ரத்து செய்யலாம். கவனித்தீர்களா, இவர்கள் பண்பைச் சுவரில் எழுதி மாட்டவில்லை, ஆட்ட விதிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நம் ஆட்கள் சிலம்பத்தில் அடக்கம் முக்கியம் என்று மைக்கில் அரை மணி நேரம் பேசுகிறார்கள், ஆட்டம் தொடங்கியதும் புள்ளி எடுத்த பையன் எதிராளியின் முகத்துக்கு நேராகக் கத்துகிறான், பயிற்றுநர் கைதட்டுகிறார். அங்கே போன பண்பைப் பேச்சால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

எங்கள் களத்தில் இருந்த தொடு ஆட்டத்தைச் சொல்கிறேன். இரண்டு பேரும் கம்பின் நுனியில் துணி சுற்றி, அதைக் கரித்தூளில் தோய்த்துக்கொள்வார்கள். மேலே வெள்ளைப் பனியன். கம்பு உடம்பில் பட்டால் கறுப்பாக விழும். ஆனால் கறையைப் பார்த்து யாரும் புள்ளி சொல்வதில்லை. பட்டவன்தான் சொல்ல வேண்டும். உடனே ஆட்டத்தை நிறுத்தி, கம்பைத் தாழ்த்தி, பட்ட இடத்தைக் கையால் தொட்டு "பட்டது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொடர்ந்து ஆடினால் ஆசான் அங்கேயே நிறுத்துவார், பனியனைப் பார்க்கச் சொல்வார், தோளில் கறுப்பு இருக்கும், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. தோற்றவனை அவர் ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை, சொல்லாதவனைத்தான் உட்கார வைத்தார். அடித்தவனுக்கும் விதி உண்டு, கறை மட்டும் விழ வேண்டும், வீக்கம் விழுந்தால் அடித்தவன்தான் வெளியே போவான். சுழன்று வரும் கம்பை எதிராளியின் நெற்றிக்கு முன் ஒரு விரல்கடை தூரத்தில் நிறுத்துவதுதான் கையின் தேர்ச்சி, ஓங்கி அடிக்க யாருக்கும் தெரியும். பத்து வயதில் "பட்டது" என்று நூறு பேர் முன்னால் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு நேர்மை என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்றைக்குப் போட்டியில் நடுவர்கள் கொடி தூக்குகிறார்கள், பட்டவன் படவில்லை என்று தலையாட்டுகிறான், அப்பா கீழே இருந்து வீடியோ எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார். ஒரு போட்டியில் பதினோரு வயதுப் பிள்ளைக்கு முகக்கவசத்தோடு சேர்த்துத் தலை திரும்புகிற மாதிரி ஒரு வாரல் அடி விழுந்தது, அடித்த பிள்ளையின் குழு எழுந்து நின்று ஆர்ப்பரித்தது, எனக்கு அன்றைக்கு வயிறு கலங்கிவிட்டது. போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டியில் நடுவர் வேண்டும், கவசமும் வேண்டும். ஆனால் உங்கள் வகுப்புக்குள், வாரத்தில் ஒரு நாளாவது, நடுவரே இல்லாமல் பட்டவன் சொல்லும் ஆட்டத்தை ஆட விடுங்கள். காசு செலவில்லை, கரியும் பழைய துணியும் போதும்.

விளையாட்டாக மாறும்போது கலை எப்படி வளைகிறது என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. ஜூடோவில் காலைப் பிடித்துத் தூக்கி எறியும் முறைகள் 2010இலிருந்து கட்டுப்படுத்தப்பட்டு, பிறகு சர்வதேசப் போட்டியில் முழுதாகவே தடை ஆயின. பழைய வீசுமுறைகள் பலவற்றை இன்றைய போட்டி வீரர் பழகுவதே இல்லை, புள்ளி வராததை யார் பழகுவார்கள்? தேக்வாண்டோ 2000இல் ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது, 2012 லண்டனில் மின்னணுக் கவசம் வந்தது, அதற்குப் பிறகு அழுத்திக் கொடுக்கும் உதையைவிடக் காலை உயர்த்தி வைத்துத் தொடும் உதைக்குத்தான் மவுசு. கராத்தே எத்தனை வருடம் ஒலிம்பிக்குக்காகத் தவம் கிடந்தது, டோக்கியோவில் ஒரே ஒரு தடவை ஆடியது, 2024 பாரிஸில் இல்லை. நம் சிலம்பமும் அந்த வாசலில்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக வந்தது, அங்கே அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் மாநிலங்கள் மோதும் சுக்மா விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்துக்கு இடம் வேண்டும் என்று சத்தம் போடுகிறோம். போட வேண்டும்தான், பிள்ளைகளுக்கு மாநில ஜெர்சி கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் சுக்மா இருந்தால் வகுப்பு நிறைவதும் இல்லாவிட்டால் காலியாவதுமாக இருந்தால் நாம் சொல்லிக் கொடுத்தது சிலம்பம் இல்லை, பதக்கத்துக்கான பயிற்சி மட்டும்தான். போட்டிப் பிரிவு உங்கள் வகுப்பில் ஒரு பிரிவாக இருக்கட்டும். புள்ளி வராத வரிசைகளையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருங்கள், நிலைக்கலக்கி என்ற சிலம்பப் பாணி வழியில் வந்தவராக இருந்தால் அதன் காலடி முழுவதையும் ஒரு பிள்ளைக்காவது கொடுத்துவிட்டுத்தான் ஓய வேண்டும்.

காலடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திடலில் செம்மண் மேல் வெறுங்காலோடு ஆடினால் ஒவ்வொரு அடியும் தடமாக விழும். ஆசான் ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டார், முடிந்ததும் மண்ணைப் பார்ப்பார். வலது குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் எடை பின்னால் போயிருக்கிறது, பெருவிரல் இழுத்த கோடு இருந்தால் திரும்பும்போது காலைத் தூக்காமல் இழுத்திருக்கிறான், வீடு கட்டும்போது, அதாவது நாலு பக்கமும் காலடி வைத்துச் சுற்றும்போது, நாலு மூலையும் சதுரமாக விழாமல் கோணலாக இருந்தால் பயத்தில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறான். மொசைக் தரையில் ரப்பர் ஷூ போட்டு ஆடினால் இது எதுவுமே தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோயில் திடலுக்கோ பள்ளித் திடலுக்கோ கூட்டிப்போங்கள். அன்றைக்கு வந்ததும் அவர்களே திடலைக் கூட்டட்டும், கல், கண்ணாடிச் சில் பொறுக்கட்டும். என் பிள்ளை கூட்டுவதற்கா காசு கட்டுகிறேன் என்று ஒரு அப்பாவாவது கேட்பார். ஆமாம், அதுவும் பாடத்தில் சேர்த்தி என்று சொல்லிவிடுங்கள். கம்பும் அப்படித்தான், கடையில் ஸ்டிக்கர் ஒட்டி வரும் கம்பை வாங்கித் தராதீர்கள், நல்ல பிரம்பாகப் பார்த்து நெற்றி உயரத்துக்கு வெட்டி, நெருப்பில் வாட்டி வளைவெடுத்து, எண்ணெய் தடவி அவனவன் கம்பை அவனவனே தயார் செய்யட்டும். தான் வாட்டிய கம்பை எவனும் தரையில் வீசி எறிய மாட்டான்.

மேடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்யாண மண்டபத்தில் விளக்கு வைத்த கம்பு, நெருப்புக் கம்பு என்று சுற்றுவது அலங்காரச் சிலம்பம், அதுவும் பழைய வழக்கம்தான், திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஆடாத ஊர் உண்டா? பிள்ளைகளுக்குக் கூச்சம் போகும், ஊருக்குக் கலை தெரியும், போகட்டும். ஆனால் வருகிற பணத்தில் ஆடிய பிள்ளைக்குப் பங்கு கொடுங்கள், கணக்கைப் பெற்றோர் பார்க்கும்படி வையுங்கள். வீச்சு மட்டும் தெரிந்து தடுப்பு தெரியாத பிள்ளையை மேடையேற்றாதீர்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நிறையப் பிள்ளைகள் வீடியோ பார்த்துச் சுற்றக் கற்றுக்கொண்டார்கள், கை பறக்கிறது, எதிரே ஒருவன் நின்றால் கால் உறைந்துவிடுகிறது, அந்த மாதிரிப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். சுருள்வாள், கத்தி எல்லாம் மேடைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஆயுதங்களைப் பொது இடத்தில் எடுத்துப் போவதை நம் நாட்டில் 1958ஆம் வருடச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, ஓர் இரவு நிகழ்ச்சிக்காகப் பிள்ளைகளைப் போலீஸ் ரோட் பிளாக்கில் நிறுத்த வேண்டாம். சங்கமாக நடத்துவதாக இருந்தால் 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி பதிந்துவிடுங்கள், மண்டபம், மானியம் எல்லாவற்றுக்கும் அது உதவும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் பண்பைப் பற்றிப் பேசவே கூடாது. குரு பக்தி என்ற பெயரில் பிள்ளைகள் மேல் கைவைப்பது, தனியாகக் கூப்பிடுவது, வர்மம் பார்க்கிறேன் என்று உடம்பைத் தொடுவது, இவற்றை மரியாதைக்காக மூடி மறைத்த களங்கள் உண்டு. 2017இல் வந்த பிள்ளைகள் மீதான பாலியல் குற்றச் சட்டத்தில், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் கூடுதல் தண்டனை என்று தனியாகவே இருக்கிறது. உங்கள் வகுப்பில் எப்போதும் கதவு திறந்திருக்கட்டும், பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது. எந்தப் பெற்றோரும் எந்த நேரமும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். இது ஆசானுக்கு அவமரியாதை என்று யாராவது சொன்னால் அவரிடம் உங்கள் பிள்ளைகளை விடாதீர்கள்.

மலாய் நண்பர்களின் தற்காப்புக் கலையான சிலாட் 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியபோது நம் ஆட்களுக்கும் ஓர் ஆசை வந்தது, சிலம்பத்துக்கும் அந்த மாதிரி வேண்டும் என்று. வரட்டும். ஆனால் அந்தப் பட்டியலுக்கு வேண்டியதும் அடியில் இதேதான், யார் யாரிடம் என்ன கற்றார், அது இன்னும் உயிரோடு கைமாறுகிறதா என்பது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் ஆசான், அவருடைய ஆசான், அவர் எந்தத் தோட்டம், எந்த வரிசைகள் எந்தப் பெயரில் வந்தன, இதை இப்போதே எழுதி வையுங்கள். வீடியோ எடுக்க அவர் சம்மதித்தால் காலை மட்டும் நெருக்கமாக எடுங்கள், கையை எல்லோரும் எடுக்கிறார்கள்.

அந்த ஆசானிடம் எப்படிப் போவது? கட்டணத்தை நியாயப்படுத்தப் போகாதீர்கள், அவர் கேட்க மாட்டார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு போய், "ஐயா, இனி தேர்வுக்குக் காசு இல்லை, பெல்ட்டை நான் கொடுக்கப் போவதும் இல்லை, நீங்கள் வந்து உட்கார்ந்து யார் தயார், யார் ஆகவில்லை என்று சொல்லுங்கள், நீங்கள் இல்லை என்றால் இல்லைதான்" என்று சொல்லுங்கள். அவர் கோபம் பாதி அதிலேயே இறங்கும், ஏனென்றால் அவர் பிடித்து வைத்திருந்த விஷயமே அதுதான். போக்குவரத்துச் செலவைக் கையில் திணிக்காமல், உங்கள் காரிலேயே கூட்டி வந்து கொண்டுபோய் விடுங்கள். முதல் தேர்வில் அவர் 25 பேரில் 18 பேரை நிறுத்திவிடலாம், பெற்றோர் முகம் சுளிப்பார்கள், நாலைந்து பேர் வகுப்பை விட்டுப் போகவும் கூடும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவர் வரவே மாட்டேன் என்றால் லூனாஸிலோ கூலிமிலோ வேறு ஓர் ஆசானைக் கேளுங்கள், பதிலுக்கு அவருடைய பிள்ளைகளை நீங்கள் போய்ப் பாருங்கள். தைப்பூசம் முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு மாற்றத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கட்டணம் எவ்வளவு, அதில் எது சேரும், பெல்ட்டை யார் முடிவு செய்வார் என்று, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.